ஒரு மில்லிமீட்டரின் கிரயம்

2020ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஆப்பிள் நிறுவனம் தன் மடிக்கணினிகளை உபயோகிப்போருக்கு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. திரையின் மேல்விளிம்பிலுள்ள கேமராவின் வழியே யாரேனும் வேவு பார்த்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் பலர் அதன்மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடியை ஒட்டிக்கொள்வது அப்போது வழக்கமாகியிருந்தது. அம்மூடி இருக்கும்போதே கணினியைச் சாத்தினால் திரை சேதமுறக்கூடும் என்றும், எதையேனும் வைத்தே தீர வேண்டுமானால் அது 0.1 மில்லிமீட்டருக்கு மேற்படாமல், அதாவது அச்சுக்கு உபயோகிக்கும் சாதாரணக் காகிதத்தின் தடிமனுக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்றும் அந்த அறிவிப்புக் கூறிற்று.

திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே ஒரு காகிதம் நுழையும் இடமே மிச்சம் என்ற நிலை அதைச் செய்தவர்களின் கவனக்குறைவால் நேர்ந்ததன்று. பெட்டியின் மொத்தத் தடிமனை இன்ன அளவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று முதலில் தீர்மானித்துக்கொண்டு, பிறகு ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது சிறிதாகச் சுரண்டி எடுத்து, பல ஆண்டுகள் பிரயத்தனப்பட்டு அடைந்த பலன் அது. அந்தத் தீர்மானத்தால் நமக்கு என்ன சௌகரியம் கிடைத்தது, எது கைநழுவிப் போயிற்று, போனவற்றுள் எவை பௌதிக விதிகளின் நிர்ப்பந்தத்தால் போயின, எவை உற்பத்தியாளரின் விருப்பத்தால் மாத்திரம் போயின என்பவற்றைப் பகுத்துப் பார்ப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

தூக்கிச் செல்லத்தக்க கணினி என்று 1981இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 ஏறத்தாழ 11 கிலோ எடையுள்ளது. 1985இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனம் வெளியிட்ட டி 1100 அதை 4 கிலோ அளவுக்குக் குறைத்து, மடியில் வைத்து உபயோகிப்பதைச் சாத்தியமாக்கிற்று. அதன்பின் எடையும் தடிமனும் மெல்ல மெல்லக் குறைந்துவந்தன. 2008 ஜனவரி 15 அன்று ஸான் பிரான்ஸிஸ்கோ நகரத்து மேடையொன்றில் ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ், அலுவலகங்களில் காகிதம் போட்டு அனுப்பும் உறையிலிருந்து மாக்புக் ஏர் என்னும் கணினியை உருவி எடுத்துக் காட்டியது முதற்கொண்டு, மெலிவு என்பது கணினியின் பல குணங்களுள் ஒன்றாயிருந்த நிலை மாறி, மற்றக் குணங்களை அடக்கியாளும் குணமாயிற்று. அந்த யந்திரம் தடித்த இடத்தில் 19.4 மில்லிமீட்டர், விளிம்பில் 4 மில்லிமீட்டர், எடை 1.36 கிலோ. விளிம்பு அவ்வளவு மெலிந்துவிட்டதால் பக்கவாட்டில் போர்ட் எதையும் நேராகப் பொருத்த இடமில்லாமற்போகவே, அடிப்புறமாகத் திறக்கும் ஒரு சிறு கதவை அமைத்து, ஒரே ஒரு யு.எஸ்.பி. போர்ட்டையும் வெளித்திரைக்கான போர்ட்டையும் ஹெட்போன் துளையையும் அதற்குள் மறைத்து வைத்திருந்தார்கள். கம்பிவழி வலையிணைப்புக்கான ஈத்தர்நெட் போர்ட் இல்லை; குறுந்தகடு ஓட்டும் கருவியும் இல்லை; வேண்டியவர்கள் அவற்றைத் தனித்தனியே வாங்கிக்கொள்ள வேண்டும். 2011இல் இன்டெல் நிறுவனம் அல்ட்ராபுக் என்ற திட்டத்தை அறிவித்து, 21 மில்லிமீட்டருக்கு உட்பட்ட தடிமனை அதற்கு இலக்கணமாக விதித்தபின், மற்ற உற்பத்தியாளர்களும் அந்த வழியே நடந்தார்கள்.

இந்தப் போக்கை வெறும் மோகம் என்று தள்ளிவிடுவது நியாயமாகாது. நாள்தோறும் கூட்டம் நிறைந்த பேருந்தில் நின்றுகொண்டே கல்லூரிக்குப் போகும் மாணவிக்கும், ஊர் ஊராகச் சென்று செய்தி சேகரிக்கும் நிருபருக்கும், தோளில் தொங்கும் இரண்டரைக் கிலோவுக்கும் ஒன்றேகால் கிலோவுக்கும் உள்ள வித்தியாசம் அந்தி வேளையில் முதுகெலும்பில் தெரியும். அவர்கள் அடைந்த நன்மை மெய்யானது. ஆயினும் அந்த நன்மை எடை குறைந்ததால் வந்தது என்பதையும், எடையும் தடிமனும் எப்போதும் கைகோத்துக்கொண்டு குறைவன அல்ல என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 30 சென்டிமீட்டர் நீளமும் 21 சென்டிமீட்டர் அகலமும் உள்ள ஒரு கணினியின் தடிமனை 1 மில்லிமீட்டர் கூட்டினால் உள்ளே 63 கன சென்டிமீட்டர் இடம் கூடுதலாகக் கிடைக்கிறது. அதில் பாதிப் பரப்பின்மேல் பேட்டரியை அமைக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், இக்காலத்து லித்தியம் மின்கலம் ஒரு கன சென்டிமீட்டருக்கு அரை வாட்-மணி அளவாவது சக்தியைத் தேக்கிவைக்க வல்லதாகையால், ஏறத்தாழ 15 வாட்-மணி சக்தி நமக்கு மிகுதியாகக் கிடைக்கும். கடிதம் எழுதுவது, படிப்பது போன்ற இலேசான காரியங்களுக்குக் கணினி மணிக்கு 7 அல்லது 8 வாட்-மணி செலவழிக்கிறது என்று கொண்டால், அது சுமார் இரண்டு மணி நேர வேலைக்குப் போதும். இதற்காக ஏறும் எடையோ 80 கிராம் அளவுதான். கடையின் மேஜையில் வைத்துப் பார்க்கும்போது கண்ணுக்குத் தெரியும் அந்த ஒரு மில்லிமீட்டரின் கிரயம் இரண்டு மணி நேரம் என்று விலைச்சீட்டில் எழுதியிருக்குமானால், வாங்குவோர் பலர் சற்று நிதானித்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

மெலிவுக்காக வெளியேறியவற்றுள் சில, போகவேண்டிய காலம் வந்து போனவை. குறுந்தகட்டின் விட்டம் 12 சென்டிமீட்டர். அதைச் சுழற்றும் கருவியின் தடிமன் வழக்கமாக 12.7 மில்லிமீட்டர், பின்னாளில் 9.5 மில்லிமீட்டர். பெட்டியின் உள்ளிடத்தில் பெரியதொரு பங்கை அடைத்துக்கொண்டிருந்த அந்தக் கருவி செய்துவந்த தொழிலைச் சில ஆண்டுகளுக்குள் வலையிணைப்பும் விரற்கடை அளவுள்ள நினைவுச் சாதனங்களும் முற்றாக ஏற்றுக்கொண்டுவிட்டன. சுழலும் வன்தட்டுக்குப் பதிலாக அசையும் உறுப்பே இல்லாத சிலிக்கான் சேமிப்பகம் வந்ததும் அவ்வாறே; அது இடத்தை மிச்சப்படுத்தியதோடு வேகத்தையும் உறுதியையும் பெருக்கிற்று. ஓர் உறுப்பு நீங்கும்போது அதன் தொழில் நம் வாழ்க்கையைவிட்டே நீங்கிற்றா, அல்லது பெட்டியைவிட்டு நம் பைக்குள் குடிபெயர்ந்ததா என்று கேட்டுப் பார்த்தால், இவ்விரண்டு விஷயங்களிலும் கிடைக்கும் விடை திருப்தியானது.

பேட்டரியின் கதை இவ்வளவு நேரானதன்று. முற்காலத்து மடிக்கணினிகளின் பேட்டரிக்குள் 18650 என்ற இலக்கமுள்ள உருளைக் கலங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம் என்பதே அந்த இலக்கத்தின் தாத்பரியம். 18 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளையை 15 மில்லிமீட்டர் பெட்டிக்குள் எந்தச் சாமர்த்தியத்தாலும் வைக்க முடியாதாகையால், உருளை போய், மெல்லிய அலுமினிய உறைக்குள் அடைத்த தட்டையான கலங்கள் வந்தன. அவற்றை வேண்டிய வடிவத்தில், படிப்படியான அடுக்குகளாகக்கூட, வெட்டி அமைக்கலாம். பெட்டியின் ஒவ்வொரு மூலையையும் நிரப்பலாம். ஆனால் உருளைக் கலத்துக்கு எஃகுக் கூடு இருந்தது. உள்ளே வாயு உண்டானால் அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளவும், எல்லை மீறினால் அதற்கென்று அமைத்த வழியே வெளிவிடவும் அதனால் முடிந்தது. தட்டைக் கலத்தின் உறைக்கு அந்தத் திராணி இல்லை. வயதாலும் உஷ்ணத்தாலும், எப்போதும் முழு மின்னேற்றத்திலேயே வைத்திருப்பதாலும் உள்ளிருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக, உறை பலூனைப் போல் உப்புகிறது.

இதன் விளைவைப் பிரத்தியக்ஷமாகக் காண விரும்புகிறவர், சென்னை ரிச்சி தெருவில் மடிக்கணினி பழுதுபார்க்கும் மேஜைகளில் ஏதேனும் ஒன்றன் அருகே சிறிது நேரம் நின்றால் போதும். டச்பேட் அழுந்தவில்லை என்றோ, மூடி சமமாகச் சாத்தவில்லை என்றோ சொல்லிக்கொண்டு ஒருவர் தம் கணினியைக் கொண்டுவருவார். பழைய கணினியாயிருந்தால், அடிப்புறத்தில் இரண்டு தாழ்களை நகர்த்தியவுடன் பேட்டரி தனியே கையோடு வந்துவிடும். உடைமையாளரே அதைச் செய்துகொள்வார். மெலிந்த கணினியிலோ, கடுகளவு தலையுள்ள திருகாணிகளை அவற்றுக்கென்றே செய்த திருப்புளியால் ஒவ்வொன்றாகக் கழற்றி, அவை இடம் மாறிவிடாதபடி காந்தப் பாயின்மேல் வரிசை கலையாமல் வைத்துக்கொண்டு, அடித்தகட்டைப் பெயர்த்தால், உள்ளே உப்பிப்போன கறுப்பு உறைகள் டச்பேடைக் கீழிருந்து முட்டிக்கொண்டிருப்பது தெரியும். அவை திருகாணியால் பிடிக்கப்படவில்லை, பசையால் ஒட்டப்பட்டிருக்கின்றன. பழுதுபார்ப்பவர் விளிம்பில் துளித்துளியாகக் கரைப்பான் விட்டு, பசை இளகும்வரை காத்திருந்து, உறை கிழிந்தால் தீப்பற்றிவிடும் என்பதை நன்கு அறிந்தவராகையால் இரும்புக் கருவி எதையும் அணுகவிடாமல், ஒரு பிளாஸ்டிக் அட்டையை மயிரிழை மயிரிழையாக உள்ளே செலுத்திப் பெயர்த்தெடுக்கிறார். உடைமையாளர் தம் கையாலேயே செய்துகொண்டிருந்த காரியம் ஒரு தேர்ந்த தொழிலாளியின் கால்நாள் உழைப்பாகவும் அபாயமாகவும் மாறியிருப்பதை அந்த மேஜையில் காணலாம்.

இனி, மெலிவை எதிர்த்து நிற்கும் பௌதிக விதிகளைச் சற்று ஆராய்வோம். அவற்றுள் தலையானவை இரண்டு. இரண்டிலும் மூன்றாம் படி என்ற கணிதம் மறைந்திருக்கிறது. முதலாவது, ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு எட்டில் ஒன்றாகிவிடும். ஐந்தில் ஒரு பங்கு மாத்திரம் குறைத்தாலும் விறைப்பு ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கும்போது கணினி முறுகினால், உள்ளிருக்கும் சுற்றுப்பலகையும் முறுகி, ஈயப் பற்றுகள் நாளடைவில் விண்டுபோகும். ஆகவே மெலிந்த கணினியைப் பிளாஸ்டிக்கால் செய்வது கடினம்; ஒரே அலுமினியக் கட்டியைக் குடைந்து, தகட்டோடு தகடாக உள்விளிம்புகளும் முகடுகளும் அமையும்படி கடைந்தெடுக்கிறார்கள். கூரைக்குப் போடும் தகரத்தை நெளிநெளியாக மடித்துவிட்டால் அதே தகரம் ஆள் பாரத்தைத் தாங்குகிறதே, அந்த உபாயம்தான் இங்கும். இந்த வகையில் பார்த்தால், மெலிவின்மேல் கொண்ட ஆசை உலோக வேலைப்பாட்டில் ஒரு உயர்ந்த கலையையே வளர்த்துவிட்டது என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது விதி காற்றைப் பற்றியது. இரண்டு தகடுகளுக்கு நடுவேயுள்ள குறுகிய சந்தின் வழியே அமைதியாகச் செல்லும் காற்றின் அளவு, தள்ளும் அழுத்தம் மாறாதிருக்குமானால், அந்தச் சந்தின் உயரத்தினுடைய மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. சந்தைப் பாதியாகக் குறுக்கினால் காற்று எட்டில் ஒரு பங்குதான் செல்லும். குறைந்ததை ஈடுசெய்ய விசிறியை வேகமாகச் சுழற்ற வேண்டும்; வேகமாகச் சுழன்றால் அது ஓலமிடும். சிலிக்கான் சில்லின் உஷ்ணத்தைப் பற்றிச் சென்ற அத்தியாயத்தில் பேசும்போது, அது செலவழிக்கும் சக்தி மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்தையும் துடிப்பு வேகத்தையும் பொறுத்தது என்று கண்டோம். உஷ்ணத்தை வெளியேற்ற வழியில்லாதபோது கணினி தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு இவ்விரண்டையும் தானே குறைத்துக்கொள்கிறது. இதனால்தான் ஒரே பெயரும் ஒரே இலக்கமும் உள்ள சில்லைப் பொருத்திய இரண்டு கணினிகளில் தடித்தது ஒரு நீண்ட காட்சிப்படத்தைத் தொகுத்து முடிக்கும்போது, மெலிந்தது பாதி வழியில் நிற்கக் காண்கிறோம். முதல் சில நிமிஷங்களில் இரண்டும் சமமாகவே ஓடும். அந்தச் சில நிமிஷங்களை மாத்திரம் கடையில் பார்த்துவிட்டு வருகிறவர் இந்தப் பேதத்தை அறியமாட்டார். எழுதுவதும் படிப்பதுமே தொழிலாயுள்ளவருக்கு இந்தக் குறை ஆயுள் முழுவதும் தட்டுப்படாமலே போகலாம் என்பதையும் சொல்ல வேண்டும்.

இப்போது போர்ட்டுகளுக்கு வருவோம். மெலிவினால் போர்ட்டுகள் மறைந்தன என்று பொதுவாகச் சொல்லப்படும் வாக்கியம் பாதி வாஸ்தவம்தான். 1987இல் ஐ.பி.எம். அறிமுகப்படுத்திய வி.ஜி.ஏ. போர்ட், மூன்று வரிசையில் 15 துளைகளோடு, இருபுறமும் திருகாணி பிடிக்கும் மரைகளோடு, 12 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட உயரமுள்ளது. மூடியின் தடிமனைக் கழித்துவிட்டால் 10 மில்லிமீட்டர்தான் எஞ்சும் பெட்டியில் அதற்கு இடமே கிடையாது. ஈத்தர்நெட் போர்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். சில உற்பத்தியாளர்கள் அதன் கீழ்த்தாடை மாத்திரம் கீல் போட்டுத் திறக்கும்படி அமைத்துக் காப்பாற்றினார்கள் என்பது பாராட்டத்தக்கது. இவ்விரண்டும் வடிவகணிதத்தின் தீர்ப்பால் போனவை. ஆனால் 1996இல் வெளியான யு.எஸ்.பி.யின் பழைய அகன்ற முனை, பரோடா மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று அமெரிக்கா சென்ற அஜய் பட் முதலிய இன்டெல் பொறியாளர்களின் உழைப்பால் உலகெங்கும் பரவிய அந்த முனை, 4.5 மில்லிமீட்டர் உயரந்தான். திரைக்கும் புரொஜக்டருக்கும் செல்லும் எச்.டி.எம்.ஐ. முனையும் அதே அளவு. புகைப்படக்காரர்களின் எஸ்.டி. அட்டையோ 2.1 மில்லிமீட்டர். இவை மூன்றும் இன்றைய மெலிந்த பெட்டிக்குள்ளும் தாராளமாகப் புகக்கூடியவை.

இதற்குச் சாட்சியம் வேண்டுமானால் ஆப்பிள் நிறுவனத்தின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 2016 அக்டோபரில் வெளியான 15 அங்குல மாக்புக் ப்ரோவின் தடிமன் 15.5 மில்லிமீட்டர், அதற்கு முந்தியதன் தடிமன் 18 மில்லிமீட்டர். இந்த இரண்டரை மில்லிமீட்டர் குறைந்தபோது எச்.டி.எம்.ஐ., எஸ்.டி. அட்டை வாய், பழைய யு.எஸ்.பி., கால் இடறினால் கணினியைக் கீழே இழுக்காமல் தானே கழன்றுகொள்ளும் காந்த மின்னேற்றி ஆகிய யாவும் நீக்கப்பட்டு, ஒரே மாதிரியான நான்கு யு.எஸ்.பி. சி போர்ட்டுகளும் ஹெட்போன் துளையும் மாத்திரம் வைக்கப்பட்டன. புகைப்படக்காரர்களும் ஆசிரியர்களும் பொறியாளர்களும் ஐந்தாண்டுகள் முறையிட்டபின், 2021 அக்டோபரில் 14 அங்குல மாக்புக் ப்ரோ வெளிவந்தபோது, எச்.டி.எம்.ஐ.யும் எஸ்.டி. அட்டை வாயும் காந்த மின்னேற்றியும் திரும்பி வந்திருந்தன. அந்தக் கணினியின் தடிமன் 15.5 மில்லிமீட்டர்! எவ்வளவு மெலிந்தபோது அவை போயினவோ அதே அளவிலேயே அவை மீண்டும் இடம் பெற்றன. ஆகவே அவற்றை வெளியேற்றியது உயரத்தின் பற்றாக்குறை என்று இனி எவரும் சொல்ல முடியாது. சுற்றுப்பலகையில் அவை பிடிக்கும் பரப்பும், ஒவ்வொன்றுக்கும் தேவைப்படும் துணைச் சில்லுகளும், எல்லாவற்றுக்கும் மேலாக, உலகம் முழுவதும் ஒரே வகைப் போர்ட்டுக்கு விரைந்து மாறிவிடும் என்ற அவசர நம்பிக்கையுமே காரணங்கள் என்று நான் கருதுகிறேன்.

அந்த ஒரே வகைப் போர்ட் அற்பமானதன்று. 2014 ஆகஸ்டில் வரையறை வெளியான யு.எஸ்.பி. சி, நம் காலத்துச் சூக்ஷ்ம வேலைப்பாடுகளுள் ஒன்று. 8.3 மில்லிமீட்டர் அகலமும் இரண்டரை மில்லிமீட்டர் உயரமும் உள்ள நீள்வட்ட வாய். நடுவே காகித அட்டை போன்ற ஒரு நாக்கு. அதன் மேலும் கீழும் பன்னிரண்டு பன்னிரண்டாக 24 பொன்முலாம் பூசிய தொடுபுள்ளிகள். தலைகீழாகச் செருகினாலும் பொருந்தும்படி அவை எதிரெதிர் ஒழுங்கில் அமைந்திருக்கின்றன. எந்தப் பக்கமாகச் செருகப்பட்டது என்பதை, அதற்கென்றே ஒதுக்கிய இரண்டு புள்ளிகளுள் எதில் மின்தடை தென்படுகிறது என்று பார்த்துக் கணினி அறிந்துகொள்கிறது. செருகிய கணத்தில் 5 வோல்ட் மாத்திரமே பாயும். மின்னேற்றியும் கணினியும் தம்முள் செய்தி பரிமாறி, உன்னால் எவ்வளவு தர முடியும், எனக்கு எவ்வளவு வேண்டும் என்று பேசி முடித்த பிறகே 9, 15, 20 வோல்ட் என்று உயரும். 2021இல் வந்த திருத்தத்தின்படி 240 வாட் வரையில் அந்தச் சிறு வாயின் வழியே செலுத்தலாம். பழைய முனை 1,500 முறை செருகிக் கழற்றத் தக்கதாக வரையறுக்கப்பட்டிருக்க, இது 10,000 முறைக்கு வரையறுக்கப்பட்டிருக்கிறது.

இத்தனை சிறப்புகளுக்கும் நடுவே ஒரு தீங்கும் புகுந்தது. முன்பெல்லாம் ஒரு போர்ட் என்ன செய்யும் என்பதை அதன் வடிவமே சொல்லிவிட்டது, வி.ஜி.ஏ. வாயில் எழுத்தறியாதவர்கூட ஈத்தர்நெட் கம்பியைச் செருக முயலமாட்டார். யு.எஸ்.பி. சி வாயைப் பார்த்து எதையும் அறிய முடியாது. ஒன்று விநாடிக்கு 40 கிகாபிட் அனுப்பும். பக்கத்திலிருப்பது 480 மெகாபிட்டோடு நின்றுவிடும். ஒன்று திரைக்குப் படம் தரும், மற்றது தராது. ஒன்றில் மின்னேற்றலாம், மற்றொன்றில் முடியாது. கம்பிகளின் கதையும் இதுவே: கைப்பேசியோடு வந்த மெல்லிய கம்பியும், 100 வாட் தாங்கும்படி அடையாளச் சில்லு பதித்த கம்பியும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். கையாலும் கண்ணாலும் அறிந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தை, பொடி எழுத்தில் அச்சிட்ட குறிப்பிலிருந்து தேடி அறிய வேண்டிய நிலைக்குச் சாமானிய ஜனங்களைத் தள்ளிவிட்டது பெரிய பிழை. யாவருக்கும் பொதுவான சாதனம் ஒன்றை வகுப்பவர்களுக்கு, அதன் பயன் பார்த்த மாத்திரத்தில் விளங்கும்படி செய்வதைவிட முக்கியமான கடமை வேறில்லை.

போர்ட் குறைந்த கணினிக்குத் துணையாக வரும் ஹப் என்னும் சிறு பெட்டியைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு யு.எஸ்.பி. சி கம்பியில் அதிவேகச் செய்திக்கென்று நான்கு தடங்கள் இருக்கின்றன. நான்கையும் திரைக்கே கொடுத்துவிட்டால் 4கே திரையில் விநாடிக்கு 60 சித்திரங்கள் வரும். ஆனால் அப்போது ஹப்பிலுள்ள மற்ற யு.எஸ்.பி. வாய்களுக்கு மந்தமான பழைய வேகந்தான் மிஞ்சும். இரண்டை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டால், மலிவான ஹப்புகள் பலவற்றில் திரைக்கு விநாடிக்கு 30 சித்திரங்களே கிட்டுகின்றன. சுட்டியை நகர்த்தினால் அம்புக்குறி விட்டு விட்டுத் தாவுவதைக் கூர்ந்து நோக்குபவர் காணலாம், பல மணி நேரம் வேலை செய்பவரின் கண் அதனால் களைத்துவிடும். ஹப்பைத் தொட்டால் சுடும். கணினிக்குள் உண்டாகியிருக்க வேண்டிய உஷ்ணத்தில் ஒரு பகுதி இப்போது மேஜைமேல் உண்டாகிறது. இனி, வெளியூர்க் கல்லூரி ஒன்றில் உரையாற்றச் செல்லும் ஆசிரியரை நினைத்துக்கொள்ளுங்கள்: அங்குள்ள புரொஜக்டரிலிருந்து வருவது இன்னமும் நீலத்தலை வி.ஜி.ஏ. கம்பியாயிருக்கக்கூடும், அதற்கு ஒரு மாற்றி, எச்.டி.எம்.ஐ.க்கு ஒன்று, மாணவர் தரும் பென்டிரைவுக்கு ஒன்று என்று அவர் எடுத்துச் செல்லும் சில்லறைச் சாமான்களின் எடையையும் தடிமனையும் கணினியின் விளம்பரத்தில் யாரும் சேர்த்து எழுதுவதில்லை. ஒன்றை மறந்து வைத்துவிட்டு வந்தால் அன்றைய உரைக்குப் படமே இல்லை.

மெலிவு போர்ட்டுகளோடு நின்றதா என்றால், இல்லை. 2015இல் வெளியான 12 அங்குல மாக்புக், 13.1 மில்லிமீட்டர் தடிமனும் 0.92 கிலோ எடையும் உடையது, ஹெட்போன் துளை நீங்கலாக, மின்னேற்றுவதற்கும் பிற எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே போர்ட், விசிறி கிடையாது. அதில் விசைகள் கீழே இறங்கும் தூரம் அரை மில்லிமீட்டர் அளவுக்குக் குறைக்கப்பட்டது. அரை மில்லிமீட்டர் என்பது ஆற்று மணலில் ஒரு நடுத்தரத் துகளின் பருமன். முன்பு விசையின் அடியில் விழுந்து யாருக்கும் தெரியாமல் கிடந்த ஒரு துகள், இப்போது விசையை அழுந்தவிடாமல் தடுக்கும் பாறையாயிற்று. ஓர் எழுத்து இருமுறை விழுவதும் விழாமலே போவதுமாகப் புகார்கள் பெருகி, 2018 ஜூனில் இலவசப் பழுதுபார்ப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டு, 2019 நவம்பரில் விசை 1 மில்லிமீட்டர் இறங்கும் பழைய அமைப்புக்கே நிறுவனம் திரும்பி, 2022இல் 5 கோடி டாலர் தருவதாக உடன்பட்டு வழக்கொன்றையும் தீர்த்துக்கொண்டது. அவ்வாறே 2016ஆம் ஆண்டுக் கணினிகள் சிலவற்றில், திரைக்குச் செல்லும் நாடா போன்ற கம்பி, மூடியைத் திறக்கும்போதெல்லாம் இழுபட்டுத் தேய்ந்து, திரையின் அடிப்பகுதியில் வெளிச்சத் திட்டுகள் தோன்றின. அந்தக் கம்பி திரையோடு பிரிக்க முடியாதபடி இணைந்திருந்ததால், சில ரூபாய் பெறும் நாடாவுக்காக முழுத் திரையையும் மாற்ற வேண்டியதாயிற்று. 2018ஆம் ஆண்டுக் கணினியைப் பிரித்துப் பார்த்தவர்கள், அதில் அந்தக் கம்பி 2 மில்லிமீட்டர் நீளமாக்கப்பட்டிருப்பதைக் கண்டார்கள்.

இத்தனையும் சொன்னபின், மெலிவு என்பதே தீது என்று நான் வாதிக்கப் புகுந்ததாக வாசகர் எண்ணிவிடக் கூடாது. 2022இல் வந்த மாக்புக் ஏர், 2015ஆம் ஆண்டின் அந்த மாக்புக்கைவிட மெலிந்தது, 11.3 மில்லிமீட்டர்தான்; அதிலும் விசிறி இல்லை. ஆயினும் அது நாள் முழுவதும் உழைக்கிறது. காந்த மின்னேற்றி தனியே இருப்பதால் இரண்டு போர்ட்டுகளும் மற்றக் காரியங்களுக்கு மிஞ்சுகின்றன. நடுவே நிகழ்ந்த மாறுதல், சில்லின் சிக்கனம்: 2020 முதல் அந்நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட சில்லுகள் அதே வேலையை மிகக் குறைந்த உஷ்ணத்தோடு செய்து முடித்தன. சில்லு சிக்கனமானதால் விசிறி வேண்டாமற்போயிற்று. விசிறி நீங்கவே பெட்டி தானாக மெலிந்தது. 2015இல் இந்த வரிசை தலைகீழாயிருந்தது: பெட்டியின் தடிமனை முன்னரே விதித்துவிட்டு, 5 வாட் அளவில் ஓடும்படி ஒடுக்கிய சில்லை அதற்குள் அடக்கினார்கள். இதில் எந்த வரிசையைப் பின்பற்றுவது விவேகம் என்று கேட்டால், என் விடையில் தயக்கமில்லை.

பொறியாளர்களுள் வேறு சிலர் வேறு வழியாக முயல்கிறார்கள். 2021இல் விற்பனைக்கு வந்த ஃபிரேம்வொர்க் என்னும் கணினி 15.85 மில்லிமீட்டர் தடிமனும் 1.3 கிலோ எடையும் கொண்டது. அதன் பக்கங்களில் நான்கு குழிகள். ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு யு.எஸ்.பி. சி வாய். உடைமையாளர் தமக்கு வேண்டிய போர்ட் உள்ள சிறு வில்லையை அந்தக் குழியில் தள்ளிப் பொருத்திக்கொள்கிறார். உரை நிகழ்த்தும் நாளில் எச்.டி.எம்.ஐ., மற்ற நாட்களில் பழைய யு.எஸ்.பி. என்று மாற்றிக்கொள்ளலாம். மாற்றி என்பது பைக்குள் தொங்காமல் பெட்டிக்குள்ளேயே குடிகொண்டுவிட்டது. குழிகள் பிடிக்கும் இடத்தால் பேட்டரி சிறிது சுருங்குகிறது என்பது அதன் கிரயம். ஐரோப்பிய ஒன்றியமோ, மடிக்கணினிகள் 2026 ஏப்ரல் 28 முதல் யு.எஸ்.பி. சி வழியே மின்னேற்றத் தக்கனவாயிருக்க வேண்டும் என்று சட்டம் செய்திருக்கிறது. ஒவ்வோர் உற்பத்தியாளரும் ஒவ்வொரு வகை மின்னேற்றி விற்ற காலத்துக்கு அது முடிவு கட்டும்.

நினைவகம் ஒன்று மிச்சமிருக்கிறது. மெலிந்த கணினிகளில் நினைவுச் சில்லுகளைப் பலகையோடு பற்றவைத்துவிடுவதால், வாங்கும்போது எடுத்த அளவுதான் ஆயுள் முழுவதும். இதைத் தடிமனுக்காக மாத்திரம் செய்த சதி என்று பலர் கோபிப்பதுண்டு. உண்மையில், குறைந்த மின்னழுத்தத்தில் மிக வேகமாகத் துடிக்கும் இன்றைய நினைவுச் சில்லுகளுக்கும் செயலிக்கும் நடுவே கம்பித்தடம் குறுகியிருந்தாலொழிய செய்தி குலைந்துவிடும். பழைய செருகுபலகை அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. 2022இல் டெல் நிறுவனம் தன் கணினியொன்றில் வேறொரு அமைப்பைக் கையாண்டது. நினைவகம் முழுவதையும் ஒரு தட்டையான பலகையில் வைத்து, அதைச் செருகாமல், மெல்லிய வில்தொடுபுள்ளிகளின்மேல் படுக்கவைத்துத் திருகாணியால் அழுத்திப் பிடிக்கும் முறை அது. தடம் குறுகிற்று, உயரமும் குறைந்தது. குறைமின் நினைவகத்துக்கும் பொருந்தும்படி விரிவாக்கிய வரையறையை ஜெடெக் என்னும் சர்வதேச நிர்ணய அமைப்பு 2023 டிசம்பரில் வெளியிட்டது. அடுத்த ஆண்டே லெனோவா நிறுவனத்தின் திங்க்பேட் பி 1 கணினியில் அது இடம்பெற்றது. அதன் அடித்தகட்டைக் கழற்றி, சில திருகாணிகளை எடுத்து, விரல் நீளமுள்ள அந்தப் பலகையைப் பெயர்த்துவிட்டு இருமடங்கு பெரிய நினைவகத்தை உடைமையாளரே பொருத்திக்கொள்ளலாம்.